பன்னாட்டுப் பலவிளையாட்டுப் போட்டிகள்: எவ்வளவு செலவாகும், எப்படிப்பட்ட மைதானம் வேண்டும்? செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கும் என்று 2025 நவம்பர் 26 அன்று முடிவானது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரிலேயே இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. அதன்பிறகு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் உடற்கல்வி ஆசிரியர்களும் விளையாட்டுக் குழு நடத்துகிறவர்களும் பெரிய வீட்டை விடுதியாக்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

ஒரே போட்டிக்குப் பேப்பரில் மூன்று விதமான தொகை போடுகிறார்கள். எதை நம்புவது?

மூன்றும் சரியாகவே இருக்கலாம். எந்தப் பையிலிருந்து போகிற பணம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பை அமைப்புக் குழுவினுடையது. நடுவர், பஸ், சாப்பாடு, தொடக்க விழா, கணினி, தன்னார்வலர் உடை எல்லாம் இதிலிருந்து போகும். டிக்கெட், விளம்பரதாரர், ஒளிபரப்பு உரிமைப் பங்கு ஆகியவற்றால் இது பெரும்பாலும் நிரம்பிவிடும். இரண்டாவது பை மைதானம், நீச்சல் குளம், வீரர் கிராமம் கட்டுவதற்கானது. இது ஏறக்குறைய முழுக்க அரசுப் பணம். மூன்றாவது, விமான நிலையம், மேம்பாலம், மெட்ரோ போன்றவை. நடத்துகிறவர்கள் முதல் பையின் தொகையைச் சொல்வார்கள். எதிர்க்கிறவர்கள் மூன்றையும் கூட்டிச் சொல்வார்கள்.

நான்காவதாக ஒரு பை உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போட்டி முடிந்த மறுநாளிலிருந்து விளக்கு, தண்ணீர், காவலாளி, ரிப்பேர் என்று வருஷா வருஷம் ஆகிற செலவு அது. ஊர்கள் கடனில் விழுவது பெரும்பாலும் இந்தப் பையால்தான்.

முதலில் சொன்ன தொகை ஏன் எந்த ஊரிலும் நிற்பதில்லை?

லண்டன் கணக்கு இதற்கு நல்ல பாடம். 2012 ஒலிம்பிக்கைக் கேட்டபோது சொன்னது 240 கோடி பவுண்டு. 2007-இல் அது 930 கோடியானது. முடிவில் 877 கோடி செலவானது. கொத்தனார் கூலி ஒரே நாளில் நாலு மடங்கு ஏறிவிடவில்லை. முதல் மதிப்பீட்டில் வரியைச் சேர்க்கவில்லை, பாதுகாப்புச் செலவைக் குறைத்துப் போட்டிருந்தார்கள், எதிர்பாராச் செலவுக்குப் போதுமான தொகை ஒதுக்கவில்லை. 2007-இல் திருத்தியபோது எதிர்பாராச் செலவுக்கு மட்டும் 270 கோடி பவுண்டு வைக்க வேண்டியிருந்தது.

1960-இலிருந்து நடந்த ஒலிம்பிக்குகளை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழு, கணக்குக் கிடைத்த எல்லாப் போட்டிகளும் மதிப்பீட்டைத் தாண்டியதாகவும், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் சராசரி மீறல் 172 சதவீதம் என்றும் சொன்னது. இதற்கு அடிப்படைக் காரணம் தேதி. அணைக்கட்டு தாமதமானால் திறப்பு விழாவைத் தள்ளிவைக்கலாம், தொடக்க விழாவைத் தள்ளிவைக்க முடியாது. முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, மாப்பிள்ளை வீட்டாரும் கிளம்பிவிட்ட பிறகு பந்தல்காரர் சொல்வதுதான் விலை. கடைசி 18 மாதங்களில் எந்த ஒப்பந்ததாரரிடமும் பேரம் பேச முடிவதில்லை.

டெல்லியில் நடந்ததும் இதுவே. 2010 காமன்வெல்த் போட்டி டெல்லிக்குக் கிடைத்தது 2003-இல். கையில் ஏழு வருஷம் இருந்தது. முதல் சில வருஷம் பேச்சிலேயே போனது. பிறகு அவசரத்தைக் காரணம் காட்டி வழக்கமான டெண்டர் முறைகளைத் தளர்த்தினார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011 அறிக்கையில் எழுதினார். மொத்தச் செலவு சுமார் 18,500 கோடி ரூபாய். தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் 21 அன்று, நேரு ஸ்டேடியம் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது.

பெரிய நகரம் எதற்கு? காரைக்குடியில் ஒன்று, சிவகங்கையில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று என்று பிரித்து நடத்தினால் எல்லா ஊருக்கும் வசதி வருமே?

அதிகம் வரும் கேள்வி இது. நல்ல மனதோடு கேட்கப்படுவதும் இதுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் இதே நினைப்போடுதான் 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றது. தலைநகர் மெல்பர்னில் உலகத் தரமான மைதானங்கள் சும்மா இருக்க, ஜீலாங், பெண்டிகோ, பாலராட், கிப்ஸ்லாந்து, ஷெப்பர்ட்டன் என்று வட்டார ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மதிப்பீடு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலை 18 அன்று, செலவு 600 முதல் 700 கோடி வரை போகும் என்று சொல்லி மாநில அரசு விலகிக்கொண்டது. விலகியதற்கு நஷ்டஈடு 38 கோடி டாலர். ஒரு போட்டிகூட நடக்காமலே மொத்தம் 58.9 கோடி டாலருக்கு மேல் போனதாக மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் கணக்குக் காட்டினார். விலகும்போது அரசு சொன்ன பெரிய தொகையும் மிகைப்படுத்தப்பட்டது என்று அதே தணிக்கையில் இருக்கிறது. ஆக, நுழையும்போது சொன்னதும் சரியில்லை, வெளியேறும்போது சொன்னதும் சரியில்லை.

பிரித்தால் செலவு ஏன் ஏறுகிறது? ஊருக்கு ஊர் இரட்டிப்பாவது மைதானம் மட்டும் அல்ல. வீரர் கிராமம் ஒன்றுக்குப் பதில் நான்கு கட்ட வேண்டியிருந்தது. நான்கு கிராமத்துக்கும் நான்கு சமையலறை, நான்கு மருத்துவமனை, நான்கு பாதுகாப்பு வளையம். ஒளிபரப்பு வண்டிகள், ஊக்கமருந்து சோதனை அறை, அடையாள அட்டை அலுவலகம், பஸ் டெப்போ என்று ஒவ்வொன்றும் பெருகும். சின்ன ஊரில் ஏற்கனவே இருக்கிற கேலரியில் சில ஆயிரம் பேர்தான் உட்கார முடியும் என்பதால் தற்காலிக இருக்கைகள் போட வேண்டும். ஒரே கல்யாணத்தை நாலு ஊரில் வைத்தால் நாலு கோட்டை அடுப்பு வெட்டித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிரிப்பது ஆபத்து. ஒரு விளையாட்டை முழுசாக எடுத்து, அதற்கேற்ற வசதி ஏற்கனவே இருக்கிற வெளியூரில் வைப்பது வேறு. பாரிஸ் 2024-இல் பாய்மரப் படகுப் போட்டி மார்செய்யில் நடந்தது, துப்பாக்கிச் சுடுதல் ஷாத்தூருவில் நடந்தது, அலைச்சறுக்கு தாஹித்தித் தீவுக்கே போனது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியையும் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று வசதி இருந்த நாலு நகரங்களுக்குத்தான் பிரித்தார்கள்.

விக்டோரியா விட்ட 2026 போட்டியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் எப்படி எடுத்தது?

சுருக்கியது. பத்து விளையாட்டு, நான்கு இடங்கள், எல்லாம் சுமார் 13 கிலோமீட்டருக்குள். புதிதாக வீரர் கிராமம் இல்லை. இருக்கிற தங்குமிடங்களே போதும் என்று முடிவு செய்தார்கள். ஹாக்கி, பாட்மின்டன், மல்யுத்தம், துப்பாக்கிச் சுடுதல், டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ், கிரிக்கெட் எல்லாம் பட்டியலிலிருந்து போயின. இந்தியாவுக்கு இது பெரிய இழப்பு, ஏனென்றால் நமக்குப் பல பதக்கங்கள் வருவது அவற்றில்தான். செலவைக் குறைத்தால் யாருடைய விளையாட்டு போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

எங்கள் ஊரில் 400 மீட்டர் ஓடுதளம் போட்டால் சர்வதேசப் போட்டி நடத்தலாமா?

ஓடுதளம் ஒன்று மட்டும் போதாது, இரண்டு வேண்டும். உயர்மட்டப் போட்டிக்கு வீரர்கள் உடலைச் சூடேற்ற, பக்கத்திலேயே இன்னொரு ஓடுதளம் கேட்பார்கள். வட்டு, குண்டு, ஈட்டிப் பயிற்சிக்கு அதையொட்டித் தனி இடம். இந்த இரண்டாவது மைதானத்தை மறந்துவிட்டுக் கேலரிக்குப் பணத்தைக் கொட்டிய ஊர்கள் ஏராளம்.

அளவுகள்: எட்டுத் தடம், தடம் ஒன்றுக்கு 1.22 மீட்டர் அகலம். நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் உள் ஆரம் 36.50 மீட்டர். இதன்படி வெளிவிளிம்பு வரை ஏறக்குறைய 177 மீட்டர் நீளம், 93 மீட்டர் அகலம், அதாவது ஓடுதளத்துக்கு மட்டும் சுமார் 4 ஏக்கர். இதற்கு மேல்தான் பாதுகாப்பு இடைவெளி, கேலரி, வாகன நிறுத்தம் எல்லாம்.

செயற்கை மேற்பரப்பின் தடிமன் பொதுவாக 13 மி.மீ. ஈட்டி எறிகிறவர் கால் ஊன்றும் கடைசிப் பகுதியில் 18 மி.மீ., தடையையும் தண்ணீரையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் தண்ணீர்ப் பள்ளத்துக்குள் 25 மி.மீ. வேண்டும். சரிவு அகலவாக்கில் உள்பக்கமாக 100-க்கு 1-க்கு மேல் போகக் கூடாது. ஓடும் திசையில் 1,000-க்கு 1-க்கு மேல் இறங்கக் கூடாது. இந்தச் சரிவுதான் நம் பக்கம் அடிக்கடி கெட்டுப்போகிறது. செம்மண்ணைக் கொட்டி, போதுமான அளவு ரோலர் ஓட்டாமல் தார்த் தளம் போட்டுவிடுவார்கள். முதல் ஐப்பசி மழையில் மண் இறங்கும், தளம் பள்ளமாகும், மூன்றாவது நாலாவது தடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் அடியில் புகுந்தால் ரப்பர் கொப்புளம் விட்டு உரியத் தொடங்கும். மேலே ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, அந்த இடத்தை அடித்தளம் வரை வெட்டி எடுக்க வேண்டும்.

செயற்கை மேற்பரப்புக்கான பாலியூரித்தேன் ஊற்றும்போது அடித்தளம் உலர்ந்திருக்க வேண்டும். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலைக்கு ஆகாது. மண் வேலையை ஒரு மழைக்காலத்துக்கு முன்பே முடித்து, அந்த மழையில் நனையவிட்டு, எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, தை பிறந்த பிறகு மேல்தளம் போடுவது நல்ல முறை. ஒரு வருஷம் கூடுதலாகும், ஆனால் ஓடுதளம் நிற்கும்.

நீச்சல் குளம்?

செட்டிநாட்டில் இதைத்தான் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டும். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 3,750 கன மீட்டர், அதாவது 37.5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 313 நடை. உடலைச் சூடேற்ற இன்னொரு குளமும் வேண்டும். நிரப்பினால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. வெயிலில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. வற்றினாலே 6,250 லிட்டர் ஊற்ற வேண்டும், வடிகட்டிகளைக் கழுவும் தண்ணீர் தனி. தண்ணீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர் நாடுகள் சூடாக்கச் செலவழிக்கின்றன; சித்திரை வைகாசியில் நாம் குளிரவைக்கச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

கட்டும்போது நடக்கிற ஒரு தவறு சின்னதாகத் தெரியும், ஆனால் குளத்தையே வீணாக்கிவிடும். நேரம் பதியும் தொடு பலகைகள் ஒவ்வொன்றும் 1 செ.மீ. தடிமன். இரு முனையிலும் மாட்டினால் 2 செ.மீ. போய்விடும். சுவருக்குச் சுவர் சரியாக 50.00 மீட்டர் என்று கட்டியிருந்தால் பலகை மாட்டியதும் 49.98 ஆகிவிடும். நீளம் 3 செ.மீ. வரை கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது என்பது விதி. குறைந்தால் அங்கே நீந்திய எந்தச் சாதனையும் செல்லாது. ஆகவே ஓடு ஒட்டிய பிறகு வருகிற அளவு 50.02-க்கும் 50.03-க்கும் நடுவில் இருக்கும்படி கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு 30 செ.மீ. மேலிருந்து 80 செ.மீ. கீழ் வரை எந்த இடத்தில் அளந்தாலும் இந்த அளவு வர வேண்டும். ஓட்டுக்கு அடியில் போடும் சிமென்ட் பூச்சு ஒரு பக்கம் தடித்தாலே கணக்கு தவறிவிடும்.

சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டியது. போட்டி முடிந்தும் அது பயன்பாட்டில் இருப்பதற்குக் காரணம், சுற்றி இருக்கிற மாநகரத்தின் மக்கள் தொகை. பாரிஸே 2024-இல் நீச்சலுக்கு நிரந்தரக் குளம் கட்டாமல் ஒரு ரக்பி அரங்கத்துக்குள் தற்காலிகக் குளம் வைத்து நடத்தியது. காரைக்குடிக்குச் சர்வதேசக் குளம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பிள்ளைகள் நீந்தப் பழக 25 மீட்டர் குளம் ஒன்று இருந்தால் அது ஆயிரம் மடங்கு பயன்.

கபடி, கைப்பந்து, பாட்மின்டனுக்கு ஓர் உள்ளரங்கம் போதுமா?

தரை ஒன்றாக இருந்தாலும் கூரைதான் தீர்மானிக்கும். கபடிக்கு ஆடுகளம் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. கூரை உயரம் பெரிய பிரச்சினை அல்ல. கைப்பந்து ஆடுகளம் 18-க்கு 9 மீட்டர்தான். ஆனால் உலகப் போட்டிகளுக்குச் சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் 31-க்கு 19 மீட்டர், தலைக்கு மேல் 12.5 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். உத்திரம், விளக்கு, ஏ.சி. குழாய் எதுவும் அதற்குள் வரக் கூடாது. வரைபடத்தில் 12.5 மீட்டர் என்று இருக்கும், கட்டி முடித்த பிறகு ஏ.சி. ஆள் வந்து குழாயை ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவார், அரங்கம் தகுதி இழக்கும்.

பாட்மின்டனுக்கு உயரத்தோடு காற்றும் எதிரி. ஷட்டிலின் எடை 5 கிராம் சொச்சம். ஏ.சி. காற்று ஒரு பக்கமாக வீசினால் ஒரு முனையில் ஆடுகிறவருக்கு எல்லாம் வெளியே போகும். அதனால் காற்று மெதுவாக, பரவலாக, கேலரிக்கு அடியிலிருந்து வரும்படி அமைக்க வேண்டும். மத்தியில் பெரிய துவாரம் வைத்துக் குளிரக் குளிர ஊதும் அரங்கத்தில் கபடி ஆடலாம், பாட்மின்டன் ஆட முடியாது.

கபடிப் பாய் 1 மீட்டர் சதுரத் துண்டுகளாக வரும். ஆண்கள் ஆடுகளத்துக்கு மட்டும் 130 துண்டு, ஓரத்துக்குத் தனி. அடியில் தரை சமமாக இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவே பொருத்து விலகி, கால்விரல் அதில் மாட்டும். வெயிலில் அடுக்கிவைத்தால் ஓரம் சுருண்டு, அடுத்த முறை பொருந்தாது.

விளக்குக் கம்பம் நாலு இருக்கிறது. இரவு ஆட்டம் நடத்தலாமா?

நம் ஊர் இரவுக் கைப்பந்துப் போட்டிக்கு 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். பெரிய போட்டிகளின் ஒளிபரப்புக்கு 2,000 லக்ஸ் வரை கேட்பார்கள். அதுவும் தரையில் மட்டும் அல்ல, கேமரா பார்க்கும் திசையில் ஆட்டக்காரரின் முகத்திலும். மலிவான எல்.இ.டி. கண்ணுக்கு நிலையாகத் தெரியும், மெதுவாக ஓட்டிக் காட்டும் படத்தில் துடிக்கும். மின்சாரம் இரண்டு வெவ்வேறு துணைமின் நிலையங்களிலிருந்து வர வேண்டும், அதற்கும் மேல் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடிக்கு யு.பி.எஸ். இரண்டு இணைப்பும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தால் அதை இரண்டு என்று எண்ணக் கூடாது.

தற்காலிகமாகப் போடுவது வீண்செலவு இல்லையா? கட்டினால் நிலைத்து நிற்குமே?

நிலைத்து நிற்பதுதான் சிக்கலே. மான்ட்ரியல் 1976 போட்டிக்காகக் கட்டிய ஸ்டேடியத்தின் கடனைத் தீர்க்க 30 வருஷம் ஆனது, 2006-இல்தான் முடிந்தது. ஏதென்ஸ் 2004-க்குக் கட்டிய பல அரங்கங்கள் பூட்டிக் கிடந்து புல் மண்டின.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளைக் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் ஆயிரம் பேர் கூடுவதை நினைத்துக் கட்டினார்கள். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் ஆகிற செலவு எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்றதும் அதனால்தான். ஸ்டேடியத்துக்கும் அதே விதி, அளவுதான் பெரியது.

தற்காலிக அமைப்பு நன்றாக வேலை செய்யும். கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானம். 2014-இல் அங்கே தடகளம் நடத்த, சுமார் 6,000 இரும்புக் கால்களை நட்டுத் தரையையே 1.9 மீட்டர் உயர்த்தினார்கள். கேலரியின் முதல் எட்டு வரிசை மறைந்து, மேலே ஓடுதளத்துக்குப் போதுமான அகலம் கிடைத்தது. போட்டி முடிந்ததும் கழற்றிக் கால்பந்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். லண்டன் 12,000 இருக்கையுள்ள கூடைப்பந்து அரங்கத்தைக் கழற்றும்படியே கட்டியது.

ஆனால் தற்காலிகம் என்றாலே சிக்கனம் என்று நினைக்கக் கூடாது. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்காக 35,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டி, நான்கே நான்கு விழா நடத்திவிட்டு இடித்தார்கள். வாடகைக்குக் கிடைக்கிற பொருளால் அமைத்தால்தான் லாபம். விலைக்கு வாங்கி, ஒரு முறை பயன்படுத்தி, காயலான் கடைக்குப் போட்டால் அது இரண்டு பக்கமும் நஷ்டம்.

எங்கள் வீடுகளில் வீரர்களைத் தங்கவைக்கலாமே? அறைகளுக்கா பஞ்சம்?

அறைக்குப் பஞ்சம் இல்லை, குளியலறைக்குத்தான் பஞ்சம். ஒலிம்பிக் கிராமங்களில் நான்கு பேருக்கு ஒரு குளியலறை என்று கணக்கு வைப்பார்கள். ஆயிரம் வீரர் என்றால் 250 வேண்டும். வளவைச் சுற்றி இருக்கும் உள்ளறைகள் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்றாகச் சாமான் வைக்கக் கட்டியவை. சன்னல் சிறியது, காற்றோட்டம் குறைவு, தண்ணீர்க் குழாய் இல்லை.

சக்கர நாற்காலி இன்னொரு சிக்கல். தெருவிலிருந்து முகப்புத் தரை 90 செ.மீ. உயரம் என்று வையுங்கள். 12-க்கு 1 சரிவில் 10.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். தானே தள்ளிக்கொண்டு ஏற வசதியான 20-க்கு 1 சரிவு என்றால் 18 மீட்டர். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிலைப்படி நிற்கும். மரவேலைப்பாட்டை வெட்டாமல், இருபக்கமும் கழற்றி வைக்கும் மரச் சரிவுகள் செய்வது நல்லது. குளிக்கிற இடத்தில் ஆத்தங்குடிக் கல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையெழுத்து. ஒரு வீட்டுக்குப் பத்து, பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள், பாதிப்பேர் வெளிநாட்டில். எல்லோரும் சம்மதித்து எழுதித் தராத வீட்டைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஒருவர் கடைசி வாரம் பூட்டினால் அணி தெருவில் நிற்கும். நிர்வாகிகள், நடுவர்கள், பத்திரிகையாளர்களுக்கு, அதாவது சில டஜன் பேருக்கு, இந்த வீடுகள் மிகப் பொருத்தம்.

சாப்பாடு? இரண்டாயிரம் இலை போடுகிற சமையல்காரர்கள் இங்கே இருக்கிறார்களே?

கைத்திறனில் குறை இல்லை. பாரிஸ் 2024 கிராமத்தில் 3,300 இருக்கை உணவகத்தில் நாளைக்கு 40,000 சாப்பாடு வரை போட்டார்கள், விடியற்காலை முதல் நள்ளிரவு தாண்டியும். வேளைக்கு ஒரு பந்தி என்ற முறை அங்கே ஓடாது. ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது, எத்தனை கிராம் புரதம், வேர்க்கடலை சேர்ந்ததா, ஹலாலா என்று எழுதிவைக்க வேண்டும்.

செட்டிநாட்டுச் சமையலுக்கென்றே ஓர் எச்சரிக்கை: கசகசா. குருமாவிலும் வறுத்தரைத்த குழம்பிலும் அரைத்துவிடுகிறோம். கசகசாவில் மார்ஃபின் இம்மியளவு ஒட்டியிருக்கும். போட்டி நாட்களில் மார்ஃபின் தடைசெய்யப்பட்ட பொருள். சிறுநீரில் வரம்பைத் தாண்டினால் வீரர் விளக்கம் சொல்ல வேண்டிவரும். வீரர்களுக்கான சமையலறைக்குள் கசகசா வரவே கூடாது. முந்திரியோ தேங்காயோ அரைத்துக்கொள்ளலாம். மளிகைப் பட்டியலை எழுதும்போதே இதை அடித்துவிடுங்கள், ஏனென்றால் கடையில் வாங்கும் கலவைப் பொடியில் இருந்தால் சமையல்காரருக்கே தெரியாது.

யாருக்காவது லாபம் வந்திருக்கிறதா?

லாஸ் ஏஞ்சலஸ் 1984. 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. அப்போது போட்டியிட வேறு ஊர் இல்லாததால் நிபந்தனைகளைத் தளர்த்திக் கேட்க முடிந்தது. தடகளத்தை 1932 ஒலிம்பிக் நடந்த அதே பழைய கொலிசியத்தில் வைத்தார்கள். வீரர்களைப் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கவைத்தார்கள்.

சரி, காரைக்குடியால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

ஸ்டேடியம் கேட்காதீர்கள், பயிற்சி முகாம் கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பானில் 500-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் ஏதாவது ஒரு நாட்டுக்கு விருந்தோம்பும் ஊராகப் பதிவு செய்தன. மயபாஷி என்ற நகரம் தெற்கு சூடானைத் தேர்ந்தெடுத்தது. நான்கு வீரர், ஒரு பயிற்சியாளர், 2019 நவம்பரில் வந்தார்கள். போட்டி ஒரு வருஷம் தள்ளிப்போனதும் அனுப்பிவிடாமல் 2021 வரை வைத்துக்கொண்டது. செலவில் பெரும் பகுதி நன்கொடையாக வந்தது. ஜப்பான் முழுவதிலும் உள்ளவர்கள் தமக்குப் பிடித்த ஊருக்குப் பணம் அனுப்பி வரிச்சலுகை பெறும் ஒரு முறை அங்கே உண்டு. புள்ளி வரி போட்டுக் கோயிலும் ஊருணியும் பள்ளியும் காத்த ஊர்க்காரர்களுக்கு இந்த வழி புதிதல்ல.

அகமதாபாத்துக்கு வரும் வெளிநாட்டு அணி கடைசி இரண்டு வாரம் இங்கே வந்து பயிலும் என்று எதிர்பார்க்க வேண்டாம், தூரம் அதிகம். மாநில, தேசிய அணிகளின் முகாம், ஒற்றை விளையாட்டின் இளையோர் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஆகியவை கைக்கு எட்டுபவை. அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் உடற்கல்விக் கல்லூரியும் இங்கே இருப்பது பெரிய பலம். மைதானம், விடுதி, படித்த பயிற்சியாளர்கள் மூன்றும் ஒரே வளாகத்தில். மதுரை, திருச்சி விமான நிலையங்கள் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்; முகாமுக்கு இது தடையே அல்ல.

எங்கிருந்து தொடங்குவது?

கணக்கெடுப்பிலிருந்து. ஒரு நோட்டில், காரைக்குடியைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் குளியலறையோடு கூடிய அறை எத்தனை, அதில் 2 மீட்டர் நீளக் கட்டில் எத்தனை என்று எழுதுங்கள். உயரமான கைப்பந்து ஆட்டக்காரர் நம் வழக்கமான கட்டிலில் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடம், எலும்பு மருத்துவர், இரவு ஆம்புலன்ஸ் எங்கே என்று குறியுங்கள். மைதானத்தில் கோடைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்று ஒரு மாதம் தொடர்ந்து பாருங்கள். காலை 5 மணிக்கு வாசல் திறக்குமா என்று கேளுங்கள், ஏனென்றால் வெயிலுக்கு முன் பயிற்சி முடிய வேண்டும். முகாம்கள் பல இடங்களில் சண்டையில் முடிவது இந்தச் சாவியால்தான். ஐஸ் கட்டி எங்கே கிடைக்கும் என்றும் எழுதுங்கள்; ஓர் அணிக்குத் தினமும் குளிர்நீர்த் தொட்டிக்கு நூறு கிலோவாவது வேண்டியிருக்கும், மீன் கடைக்கு ஐஸ் போடுகிறவர்தான் பெரும்பாலும் அதைத் தருவார்.

இந்த நோட்டோடு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலரைப் பாருங்கள். முதலில் 30 பேர், பத்து நாள், ஒரு விளையாட்டு என்று கேளுங்கள். முகாம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் குறைகளை எழுதி வாங்கி அதே நோட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த அணி வருவதற்கு முன் அந்தப் பக்கத்தில் உள்ளவற்றைச் சரிசெய்து தேதி போடுங்கள்.